நடுப் பாகம்

ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. அதை வைத்து இன்றைக்கு நல்ல நாள் என்று சொல்லிவிட முடியாது. சென்ட்ரலில் வண்டி இன்னும் நகரவில்லை. பெண்கள் பெட்டி பாதி நிரம்பிவிட்டது, மல்லிகையும் வியர்வையும் யாரோ உரிக்கிற ஆரஞ்சுத் தோலும் கலந்த வாடை, மேலே மின்விசிறி சுற்றுகிறதே தவிர காற்று இறங்கவில்லை. தலையைச் சாய்த்திருக்கிற கம்பி சூடாக இருக்கிறது. இருக்கட்டும். நகர்த்தத் தெம்பில்லை. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டையில் மரத்துப்போன ஒரு இடம் உண்டாகியிருக்கிறது, எச்சில் விழுங்கினால் அங்கே போய் இடிக்கிறது. சொல்லுங்க சார். புக்கிங் ஆயிடுச்சு மேடம். நாளைக்குக் கண்டிப்பா வந்துரும். உங்க கஷ்டம் புரியுதுங்க. புரசைவாக்கத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுப்பது என் வேலை. சிலிண்டர் வரவில்லை என்று கொதித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்களிடம் அவர்கள் ஆறும்வரை மெதுவாக, குழைவாகப் பேச வேண்டும். மங்கை குரலக் கேட்டா திட்ட வந்தவன்கூட தேங்க்ஸ் சொல்லிட்டு வெச்சிடுவான் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மங்கையர்க்கரசி என்ற முழுப் பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான். குரல் அத்தனை நன்றாக இருக்கிறதென்றால் என் வீட்டுக்காரர் வீட்டு வாசலில் ஏன் காதுமிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். வேண்டாம். இப்போது அதை எடுக்க வேண்டாம். திருவள்ளூர் வரை பாதை இருக்கிறது, ஆவடி தாண்டி நினைத்துக்கொள்ளலாம். அதற்குள் இந்தப் புத்தகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும், ஆவடியில் ரெஜினா இறங்கும்போது கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ரெஜினா எதிரில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். துணிக்கடையில் பில் போடுகிறவள், உட்காரவே விடமாட்டார்களாம். அவள் வாங்கிய நாவல்தான் இது. பழைய புத்தகம் விற்கிற பிளாட்பாரத்தில், அட்டை போய், செங்கல் தடிமனில் கிடந்ததாம். காதல் கதை என்றதும் மூன்று பேருக்கும் உடனே வேண்டியிருந்தது, எனக்கும் அவளுக்கும் அந்த ஸ்கேன் சென்டர் பெண் தீபலட்சுமிக்கும். ஒருத்தி முடித்து ஒருத்தி என்றால் தீபாவளி வந்துவிடும் என்று ரெஜினா கடையில் பெட்டி பிரிக்கிற கத்தியால் முதுகில் ஒரே இழுப்பாக இழுத்து மூன்று பாகமாக வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சேலைப் பெட்டி அட்டையை வைத்து ஒவ்வொன்றுக்கும் தையல் போட்டிருந்தாள். புத்தகத்தை வெட்டுவதா என்று அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. வாங்கினவள் என்பதால் முதல் பாகம் அவளுக்கு. "எனக்கு முடிவு தெரிஞ்சாதான்க்கா ஆரம்பம் படிக்கவே புடிக்கும், இல்லன்னா பயந்துகினே படிக்கணும்" என்று தீபா கடைசிப் பாகத்தை எடுத்துக்கொண்டாள். மீதி நடுப் பாகம். மீதி எப்போதும் எனக்குத்தான் வரும், அடிதங்கின குழம்பு, ஓரத்து இட்லி, யாரும் கேட்காத ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. முதல் பக்கமே ஒரு வாக்கியத்தின் பாதியில் தொடங்கியது. 'என்று சொல்லிவிட்டுக் கனகா வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.' என்ன சொன்னாள், யாரிடம் சொன்னாள், தெரியாது. இன்றுவரை தெரியாது.

வண்டி நகர்ந்துவிட்டது. பேசின் பிரிட்ஜ், கறுப்புத் தண்ணீர், அந்த நாற்றத்துக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகிறோம். கனகா. அவளும் தியாகுவும் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். கீழே பஞ்சு அடிக்கிறார்கள், பஞ்சு மேலே ஏறி வருகிறது, சோற்றில், தண்ணீர்க் குடத்தில், உலர்த்தின துணியில். அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள், யார் தடுத்தார்கள், எப்படி ஓடி வந்தார்கள், அதெல்லாம் ரெஜினாவிடம் இருக்கிற பாகத்தில். என் பாகத்தில் எதுவும் நடப்பதில்லை. தியாகுவுக்கு வேலை போகிறது. ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று நாலு பக்கத்துக்குச் சண்டை போடுகிறார்கள், திறந்தால் பஞ்சு, மூடினால் புழுக்கம். அப்புறம் கனகா பேசுவதை நிறுத்திவிடுகிறாள். கோபித்துக்கொண்டெல்லாம் இல்லை. அவனாகப் பேசட்டும் என்று ஒரு சின்ன சோதனை, அவ்வளவுதான். அவன் கவனிக்கவே இல்லை. நாள் போகிறது, அவன் கவனிக்கவில்லை. சாப்பிடுகிறான், வேலை தேடப் போகிறான், வருகிறான், படுக்கிறான். ஒரு மத்தியானம் தூங்குகிறவன் புருவத்தில் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருக்கிறது, அவள் அதை எடுக்கிறாள். பேசாமல் இருக்கிறவள், எழுப்பிவிடாமல் இரண்டு விரலால் எடுத்துவிட்டு, அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தை முதல் தடவை படித்தபோது வண்டி வில்லிவாக்கத்தில் நின்றிருந்தது. எனக்கு முகம் சுட்டது. யாரோ என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் தகடு அடிக்கிற கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர், ஆவடிப் பக்கம். சாயங்காலம் தலைமுடியில் இரும்புத் துகள் மினுங்கும். அவர் தூங்கின பிறகு நான் எடுத்திருக்கிறேன். எடுத்ததை எங்கே போடுவதென்று எனக்கும் தெரிந்ததில்லை. இதை எழுதின ஆளை எனக்குத் தெரியாது, அட்டை போனதில் பேரும் போய்விட்டது. ஆணா பெண்ணா, இருக்கிறாரா செத்துவிட்டாரா. எங்கேயோ உட்கார்ந்து எழுதினவருக்கு என் விரல் எப்படித் தெரிந்தது.

"இன்னுமா முடியல" என்கிறாள் ரெஜினா. "கடேசி கொஞ்சம் பாக்கி" என்கிறேன். பொய். மூன்று தடவை முடித்தாயிற்று. தீபா ஏற்கெனவே அவளுடைய கடைசிப் பாகத்தை என் மடியில் வைத்துவிட்டு, ரெஜினாவிடமிருந்து முதல் பாகத்தை வாங்கி அதற்குள் பத்துப் பக்கம் போய்விட்டாள். உதட்டோரத்தில் சிரிப்பு, இரண்டு பேரும் சந்திக்கிற இடம் போலிருக்கிறது. "எக்கா, ஆரம்பம் சூப்பரா இருக்குக்கா" என்கிறாள் நிமிராமல். இருக்கும். ஆரம்பம் எல்லாருக்கும் சூப்பராகத்தான் இருக்கும். என்னுடையதும்தான். உங்களது லவ் மேரேஜாமே மேடம், எப்படி மேடம், சொல்லுங்க மேடம் என்று ஆபீசுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணும் கேட்கும். நானும் சொல்வேன். எத்தனை பேருக்குச் சொன்னேனோ. திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்து டெலிபோன் பூத்தில் நான் வேலை பார்த்தேன், கம்பெனியிலிருந்து ஒருத்தர் யார் வீட்டுக்கோ பேச பூத் நம்பருக்குத் தப்பாகப் போட்டுவிட்டார், ராங் நம்பர் என்று சொன்னேன், மறுநாளும் ராங் நம்பர், அதற்கு மறுநாளும், பூத் ஓனர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் நான் வாயை ரிசீவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு ரகசியம் மாதிரி பேசுவேன், அவர் பேரு ஏகாம்பரம், முகத்தைப் பார்க்குமுன்னே ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசிவிட்டோம், ரெண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். கேட்கிற பெண்கள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தோடு கதை முடிந்துவிடும். அப்புறம் என்னாச்சு மேடம் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. அப்புறம்தான் இருபத்தோரு வருஷம். சொல்லிச் சொல்லி அந்த மழைக்காலமும் இப்போது யாருக்கோ நடந்த மாதிரி ஆகிவிட்டது. வாய் சொல்லிக்கொண்டிருக்கும், மனசு நாளைக்கு அரைக்க உளுந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

பெரம்பூரில் ஏறின கூட்டம் தோளில் இடிக்கிறது. ஒரு கட்டைப்பை என் முழங்காலில் வந்து உட்கார்ந்துவிட்டது, எடுங்கம்மா என்று சொல்லச் சோம்பலாக இருக்கிறது. அவருக்குக் காது போனது ஒரே நாளில் நடக்கவில்லை. அது நடக்கும்போது தெரியவில்லை. முதலில் டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். அப்புறம் என்ன, என்ன என்று கேட்க ஆரம்பித்தார். அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டுத் தலையாட்ட ஆரம்பித்தார். பிரஸ் மிஷின் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்றால் அப்படித்தான் ஆகும் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியுமாம், அங்கே பாதிப் பேர் அப்படித்தானாம். நான் குரலை உயர்த்தினேன். இன்னும் உயர்த்தினேன். சாப்பிட வாங்க என்றால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும். கத்திச் சொல்லத் தகுந்ததை மட்டும்தான் சொல்ல முடியும் என்று போகப்போகத்தான் தெரிந்தது. உப்பு போதுமா, கத்தலாம். கரண்ட் பில் கட்டியாச்சா, கத்தலாம். இன்னிக்கு ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு என்று கத்த முடியாது. நேத்து நீங்க இல்லாம வீடு ஒரு மாதிரி இருந்துச்சு என்று நாலு வீட்டுக்குக் கேட்க எப்படிச் சொல்வது. அப்படிப்பட்டது எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோனது. நின்றுபோனதும் தெரியவில்லை. பொண்ணு திருச்சியில் ஹாஸ்டலுக்குப் போனபிறகு வீட்டில் சத்தம் என்றால் என்னுடைய கத்தல் மட்டும்தான். வெளியே இருந்தால் போனில் மெசேஜ். பால் வாங்கவும். லேட் ஆகும். சரி. ராங் நம்பரில் ஒரு மழைக்காலம் பேசினவர்கள்.

மிஷின் வாங்கினது பொண்ணு பிடிவாதத்தில். லீவுக்கு வந்தவள் அப்பாவைக் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள், எனக்கு அன்றைக்கு லீவு கொடுக்கவில்லை. தோல் நிறத்தில், காது மடலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற சின்னது. முதல் நாள் மாட்டிக்கொண்டு குழாய்த் தண்ணீர் சத்தத்தைக் கேட்டு நின்றாராம், பொண்ணு சொன்னாள். நான் வந்து அடுப்படியில் இருந்தபடி சாப்பிடக் கூப்பிட்டேன். தூக்கிப் போட்ட மாதிரி திரும்பினார். அப்புறம் சிரித்தார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் காதில் அதைப் பார்க்கவில்லை. பேட்டரி போயிடுச்சு என்றார். நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது, பழகின கத்தலையே தொடரலாம். போன மாதம் ஒரு நாள் வழக்கத்துக்கு முந்தின வண்டியிலேயே போய்விட்டேன். எங்கள் தெருப் பக்கத்து டீக்கடையில் அவர் நாலு பேரோடு நின்றிருந்தார். காதில் மிஷின். யாரோ ஏதோ சொல்ல, சொல்லி முடிக்குமுன்னே சிரித்தார், அவர் அப்படி உடனுக்குடன் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று. நான் கூப்பிடவில்லை. பின்னாலேயே நடந்தேன். எங்கள் வாசல் கேட்டுக்கு வந்தார், நின்றார், தலையைச் சாய்த்துக் காதிலிருந்து அதை எடுத்தார், சட்டைப்பையில் போட்டார், பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார், அப்புறம் கேட்டைத் திறந்தார். கோயிலுக்குள் போகிறவர் செருப்பை விடுகிற மாதிரி அத்தனை பழக்கமாக. நான் தெருமுனைக்குத் திரும்பிப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வந்து என்ன செய்தேன், கத்தினேன், தக்காளி வாங்கினீங்களா. தலையாட்டினார்.

அம்பத்தூர் தாண்டி எங்கேயோ சிக்னலில் நிற்கிறது. நின்றதும் புழுக்கம் கவிழ்கிறது. குழந்தை ஒன்று அழுகிறது, அதன் அம்மா அதட்டுகிறாள், அதட்டல் கேட்டு இன்னும் பெரிதாக அழுகிறது. கேட்டுவிடலாம் என்று தினம் நினைக்கிறேன். எப்படிக் கேட்பது. மிஷின் இல்லாதவரிடம் கத்தித்தான் கேட்க வேண்டும், ஏன் என் குரலைக் கேட்கப் பிடிக்கலையா என்று தெருவுக்கே கேட்கும்படி. எழுதிக் கேட்கலாம், பால் வாங்கவும் என்பதற்குக் கீழே. சிரிப்பு வருகிறது. பதில் வந்துவிட்டால் என்ன செய்வது. ஆமா என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால். ஊரில் எல்லாரையும் கேட்கலாம், இவளை மட்டும் கேட்க வேண்டாம் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றினால் அது தோன்றினதுதான், அதை யார் என்ன செய்ய முடியும். ஒருவேளை காது போனது அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்குமோ. அந்த நிம்மதியைத்தான் அந்த மிஷின் கெடுத்ததோ. அப்படி என்ன பேசிவிட்டேன் நான். நினைத்துப் பார்க்கிறேன், தக்காளி, பால், கரண்ட் பில், பொண்ணு ஃபீஸ், ஏன் லேட்டு, ஏன் ஈரத் துண்டு கட்டிலில். காதல் கல்யாணம். சரி, நானாக இருந்தாலும் கழற்றித்தான் வைத்திருப்பேன். இல்லை, வைத்திருக்க மாட்டேன். இந்த இடத்துக்கு வந்து தினமும் நின்றுவிடுகிறேன், இந்த வண்டி மாதிரி, சிவப்பு விழுந்து.

அதனால்தான் கனகாவிடம் எனக்குக் கோபம். நாள் கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தவள் கடைசியில் அவளே பேசிவிடுகிறாள். அவன் மன்னிப்புக் கேட்டு, அவன் கெஞ்சி, அப்படி ஏதும் இல்லை. ஒரு சாயங்காலம் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான், இவள் கீரை ஆய்ந்துகொண்டே, 'இன்னிக்குக் கீழே பஞ்சு அடிக்கல போல' என்கிறாள். அவன், 'ஆமா, காலைலேருந்தே சத்தமில்ல' என்கிறான். அத்தியாயம் முடிந்துவிட்டது. முதல் தடவை புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இதற்கா இத்தனை பக்கம். தோற்றுவிட்டாளே என்று இருந்தது. அவன் அவள் பேசாமல் இருந்ததைத் தெரிந்துகொள்ளவே இல்லை, இனிமேல் தெரியப்போவதும் இல்லை. இரண்டாம் தடவை படிக்கும்போது வேறு ஒன்று கண்ணில் பட்டது. காலைலேருந்தே சத்தமில்ல என்கிறான். அப்படியானால் அவனும் காலையிலிருந்து அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறான். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த மாதிரி உடனே சொல்கிறான். அவனுக்கும் பேசத் தெரியாமல் போயிருக்கிறது. எழுதினவர் அதைச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ. என் வீட்டிலிருந்து எடுத்து அவன் வாயில் வைக்கிறேனோ. வைத்தால்தான் என்ன. பிளாட்பாரத்தில் கிடந்த புத்தகம், கத்தியால் வெட்டின புத்தகம், அதில் என்னுடையதையும் கொஞ்சம் வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்.

வண்டி ஆவடிக்குள் நுழைகிறது. ரெஜினா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து கையை நீட்டுகிறாள். கொடுக்கத்தான் வேண்டும், அவளுடைய புத்தகம். கொடுக்கும்போது அட்டையிலிருந்து விரல் வருவேனா என்கிறது.

"என்னா ஆவுது இதுல? சொல்லு, இன்னிக்கு நைட்டே படிக்கணுமா வேணாமான்னு பாக்கறேன்."

"ஒண்ணும் ஆவாது. கொஞ்ச நாளு பேசிக்க மாட்டாங்க. அப்புறம் பேசிக்குவாங்க."

"அவ்ளோதானா? ஆரம்பத்துல அவனுக்காவ ரயில்லருந்து குதிச்சவடி அவ."

"குதிச்சாளா?"

"பின்ன? நீ முதல்ல அதப் படி, அப்பத்தான் இதுவே புரியும்." நடுப் பாகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் கூட்டத்தோடு இறங்கிவிடுகிறாள்.

ரயிலிலிருந்து குதித்தவள். குதித்தவள்தான் அப்புறம் ஜன்னலுக்குச் சண்டை போடுகிறாள், கீரை ஆய்கிறாள். தெரிந்துவிட்டதால் எனக்கு ஒன்றும் கூடவும் இல்லை குறையவும் இல்லை. மடியில் கடைசிப் பாகம் மட்டும் கிடக்கிறது. பிரிக்கத் தோன்றவில்லை. இந்துக் கல்லூரி, பட்டாபிராம், கூட்டம் குறையக் குறையக் காற்று வருகிறது. தீபா திருநின்றவூரில் இறங்கும்போது குனிந்து, "அக்கா, சேர்றாங்களா இல்லியான்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போவட்டா" என்கிறாள். அவளுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம், எல்லா முடிவையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று இருக்கிற வயசு. "வேணாண்டா" என்கிறேன். சேர்ந்துதானே இருந்தார்கள், இன்னும் என்ன சேர. அவள் போனபிறகு போனை எடுத்துப் பார்க்கிறேன். அவருடைய மெசேஜ் வந்து கிடக்கிறது. ஷேர் ஆட்டோ ஸ்டிரைக். நான் வரேன். ஸ்டேஷன் வாசல். எப்போதும் ஆட்டோவில் போய்விடுகிறவள், அவர் ஸ்டேஷனுக்கு வந்து நின்று வருஷக்கணக்காகிறது. சரி என்று அனுப்புகிறேன். வேப்பம்பட்டு. செவ்வாப்பேட்டை. கம்பெனியிலிருந்து நேராக வருவார், அப்படியானால் காதில் இருக்கும். என்னைப் பார்த்ததும் கழற்றுவார். அதை இந்தத் தடவை எதிரில் நின்று பார்க்க வேண்டும். பின்னால் மறைந்து நின்று பார்த்ததே இத்தனை நாள் கண்ணில் நிற்கிறது. பின் வாசல் வழியாகப் போய்விடலாமா. நடந்தே போய்விடலாமா. முட்டாள்தனம். கனகா என்ன செய்தாள், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, கீரையை ஆய்ந்துகொண்டே வாயைத் திறந்தாள். புட்லூர். எல்லாரும் எழுந்து வாசலுக்குப் போகிறார்கள், நான் உட்கார்ந்தே இருக்கிறேன், இன்னும் ஒரு ஸ்டேஷன் உட்காரலாம்.

திருவள்ளூரில் படியேறி இறங்கி வெளியே வந்தபோது வெளிச்சம் முழுதாகப் போயிருக்கவில்லை. டூவீலர் நிறுத்துகிற இடத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். கம்பெனி நீலச் சட்டை. காதில் மிஷின் இருந்தது. பூக்காரம்மா எதையோ சொல்ல, திரும்பி ஏதோ பதில் சொன்னார். நான் நாலடி தள்ளி வந்ததும் பார்த்துவிட்டார். கை காதுக்குப் போனது. இவ்வளவு நாள் எனக்குள் சுற்றினது எல்லாம் எங்கே போயிற்றோ, நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கழட்டாதீங்க."

கத்தித்தான் சொன்னேன் போலிருக்கிறது. பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் சுருங்கி, கண் மூடி, திறந்தது.

"நான் பாத்தேன். டீக்கடைல போட்டுக்கறீங்க, வாசல்ல வந்து கழட்டுறீங்க. ஏன்? என் குரலக் கேக்கப் புடிக்கலையா?"

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. சுற்றிப் பார்த்தார். காது போனவர்கள் எல்லாரையும் போல அவருக்கும் தன் சத்தம் தெரியாது, ஆனால் இப்போது மிஷின் இருந்ததால் குரல் தணிந்தே வந்தது.

"கத்துற மங்க."

"கத்தாம உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"இது போட்டா கேக்கும். போட்டாலும் நீ கத்துற. அன்னிக்கு சாப்பிடக் கூப்பிட்ட பாரு, காதுக்குள்ள தகட்ட வெச்சு அடிச்ச மாதிரி இருந்துச்சு. கம்பெனி மாதிரி. அங்க எட்டு மணி நேரம் அது. வீட்டுக்கு வந்தும்னா முடியல."

"சொல்ல வேண்டியதுதானே. வாயில என்ன?"

அவர் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி விரலால் தேய்த்தார். "எப்படிச் சொல்றது. எனக்காவக் கத்திக் கத்தித்தான உன் தொண்ட இப்படி ஆச்சு. காலைல எழுந்தா வெந்நீ வெச்சுக் கொப்புளிக்கற. உங்கிட்ட வந்து கத்தாதன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுகினு சொல்லுவேன். அதான், கழட்டிட்டா நீ கத்துறதும் கத்துறதா தெரியாது. ஒண்ணும் தெரியாது."

கோபம் வர வேண்டும் என்று தேடினேன், பாதி இருந்தது, மீதி எங்கேயோ நழுவிவிட்டது. இத்தனை நாள் என் வார்த்தைகளில் என்ன குற்றம் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், அவர் வார்த்தைக்கே வரவில்லை, வாசலிலேயே சத்தம் தாங்காமல் நின்றுவிட்டார். மெதுவாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். முதலில் வந்தது ஏஜென்சி குரல், சொல்லுங்க சார் என்கிற அந்தக் குழைவு, நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை இவருக்குக் கொடுக்கக் கூடாது. அது யார் யாருக்கோ நாள் முழுக்கக் கொடுத்துத் தேய்ந்தது. அதை விழுங்கினேன். வீட்டுக் கத்தலையும் விழுங்கினேன். இரண்டையும் எடுத்துவிட்டால் எனக்கு என்ன குரல் என்றே தெரியவில்லை. ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் தலையை லேசாகச் சாய்த்து, மிஷின் இருக்கிற பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிவைத்துக் காத்திருந்தார். காதோரம் நரை எனக்குத் தெரிந்ததைவிட அதிகமாக இருந்தது. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்ததைச் சொன்னேன். கரகரவென்று, பாதிக் காற்றாக வெளியே வந்தது.

"ரொம்பக் களைப்பா இருக்குங்க."

எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்கு இந்த முறை முகம் சுருங்கவில்லை.

"தெரியுது" என்றார். "குரல்லயே தெரியுது."

என் தோளிலிருந்து பையை வாங்கி ஸ்கூட்டர் முன்னால் மாட்டினார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கவில்லை. நான் அடுத்து ஏதாவது சொல்வேன் என்று அப்படியே நின்றுகொண்டிருந்தார்.